எங்கள் லயத்தின் ஒரே ஓட்டு

1

போன மாதம் எங்கள் வீட்டுக் கதவை ஒரு வேட்பாளர் வந்து தட்டினார். கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் குடியிருப்பது பதினோராவது மாடி. மின்தூக்கி அன்றைக்கும் மக்கர் பண்ணியதால் மனிதர் படியேறித்தான் வந்திருக்கிறார். கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு, மூச்சு வாங்க, "வணக்கம்" என்று தமிழில் சொன்னார். அந்த ஒரு சொல்லோடு அவருடைய தமிழ் முடிந்தது. அவர் பேசுகிற வேகத்துக்கு என் ஆங்கிலம் போதாது. ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, உங்கள் ஓட்டை நம்பலாமா என்ற மாதிரி ஏதோ கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த மகன் கண்ணன், கட்டாயம் நம்பலாம் என்று ஆங்கிலத்தில் குரல் கொடுத்து அவரை அனுப்பிவிட்டான். கதவைச் சாத்திவிட்டு வந்து, என் ஓட்டைக் கொடுக்க நீ யாரடா என்று கேட்டேன். அவனுக்குச் சிரிப்பு. "ஒரு வோட்டுத்தானே அம்மா, அதில என்ன இருக்கு?" என்றான். அவனுக்குப் பத்தொன்பது வயது. ஓட்டும் இருக்கிறது, அதைப் போடப் போகிற எண்ணம் மட்டும் இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சோற்றில் உப்புப் போட மறந்துவிட்டேன். ஒரு ஓட்டில் என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்கிறானே. ஒரே ஒரு ஓட்டை வைத்துக்கொண்டு, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான ஒரு லயமே அடித்துக்கொண்டதைப் பார்த்தவள் நான். அவனிடம் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவான். ஊரில் இருக்கிற நீங்கள் அப்படி எழுந்து போக மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

2

எங்கள் தொகுதியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த மெம்பர்களின் பேரப்பிள்ளைகள் யாராவது சண்டைக்கு வருவார்கள். திம்புள்ளைப் பக்கத்து மலைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். பாராளுமன்ற உறுப்பினர் என்று பத்திரிகைகள் எழுதும். எங்களுக்கு அவர் எப்போதும் மெம்பர்தான்.

முதல் மெம்பரை நாற்பத்தேழில் எங்கள் ஆட்களே தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது. தோட்டத்துச் சனம் தப்படித்துக்கொண்டு ஓட்டுப் போடப் போனது எனக்குத் தேர்த்திருவிழா போலத்தான் மனதில் நிற்கிறது. வென்றவர் நம் ஆள், தொழிற்சங்கத்துக்காரர், நம்மைப் போலவே பேசுகிறவர். மலைநாட்டில் அந்த முறை அப்படி இன்னும் சில தொகுதிகள். அதுவே பலர் கண்ணை உறுத்திவிட்டது என்று அப்பா சொல்வார். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த சட்டங்களில் எங்கள் ஓட்டும் போனது. ஐம்பத்திரண்டில் தேர்தல் வந்தபோது எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர், கவ்வாத்து வெட்டுகிறவர், ஆலையில் நிற்கிறவர் எவருக்கும் ஓட்டு இல்லை.

இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. தொகுதியை வகுக்கும்போது தலைகளை எண்ணித்தான் வகுப்பார்கள். அந்தக் கணக்கில் எங்கள் தலையும் உண்டு. வாக்காளர் பெயர்ப் பட்டியலான இடாப்பில் மட்டும் கிடையாது. எங்களை எண்ணி ஒரு தொகுதியை உண்டாக்கிவிட்டு, அதற்கு மெம்பரைத் தேர்ந்தெடுக்கிற வேலையை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தாரிடமும் கடைவீதிக்காரர்களிடமும் கொடுத்துவிட்டார்கள்.

அப்படி வந்த இரண்டாம் மெம்பர் பெரிய காணிகள் உள்ள வளவுக்காரர். கெட்டவர் இல்லை. எங்கள் பக்கம் வருவதற்கு அவருக்கு ஒரு காரணமும் இல்லை, அவ்வளவுதான். ஓட்டு இல்லாத மலையில் காரை ஏற்றி யார் பெட்ரோலை வீணாக்குவார்கள்? ஐம்பத்தாறில் காற்று மாறியது, மூன்றாம் மெம்பராக ஒரு சிங்கள வைத்தியர் வந்தார். அவரையும் நாங்கள் போஸ்டரில் பார்த்ததோடு சரி. பிறகு எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். ஒருநாள் காலை ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போனால், நாம் இப்போது வேறு தொகுதி என்று கணக்கப்பிள்ளை சொன்னார். படுத்த இடத்திலேயே படுத்திருந்த எங்களைத் தொகுதி மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது.

இத்தனை நடந்தும் எங்கள் லயத்தில் மெம்பர் என்றால் அந்த முதல் மெம்பர்தான். பதவி போய் எட்டு வருடம் ஆகியும், கடைவீதிக்கு மேலே அவர் இருந்த சின்ன வீட்டுக்குச் சனம் போய்க்கொண்டே இருந்தது. அவரும் உட்காரவைத்துக் கேட்பார், கடிதம் எழுதித் தருவார். அந்தக் கடிதங்களை எந்த அரசாங்கக் கந்தோரிலும் யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனாலும் நம் மெம்பர் எழுதித் தந்தார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

3

இங்கே தமிழ்க்கடையில் சாமான் வாங்கப் போனால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, எந்த ஊர் என்பதுதான். ஹட்டன் பக்கம் என்பேன். "ஓ, அங்கை படிப்பிக்கப் போய் இருந்தனீங்களோ?" என்று மறு கேள்வி வரும். என் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்து வாத்தியார் என்பதால் என்னையும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். இல்லைங்க, நான் அங்கயே பொறந்தவ, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல சின்னக் கிளாசுக்குப் பாடம் சொன்னவ என்று பதில் சொன்னால், என்னுடைய 'ங்க'வைக் கேட்டுவிட்டு, இந்தியாவா என்று அடுத்த கேள்வி. பத்து வருடமாக இதே கதைதான். இப்போதெல்லாம் வெண்டைக்காயைப் பொறுக்கிக்கொண்டே சிரித்துவைக்கிறேன்.

எந்த ஊர் என்ற கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னால் என்ன ஆகும் என்று எங்கள் குடும்பத்துக்குத் தெரியும்.

ஓட்டுப் போன பிறகு, இந்த நாட்டில் பல வருடம் இருந்தவர்கள் விண்ணப்பித்துப் பதிவுப் பிரஜை ஆகலாம் என்று ஒரு வழி வைத்தார்கள். எங்கள் தோட்டமே விண்ணப்பித்தது. விசாரணைக்குக் கூப்பிட வருடக்கணக்காயிற்று. நுவரெலியாவில் ஒரு மேசைக்குப் பின்னால் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். எங்கள் அப்பா சில்லறைக் கங்காணி, பத்துப் பதினைந்து ஆட்களுக்குப் பொறுப்பானவர். கோட்டுப் போட்டு, தலைப்பாகை கட்டி, கம்பீரமாகப் போய் நின்றார். சொந்த ஊர் எது என்று கேட்டார்கள். "முசிறிக்குப் பக்கங்க" என்றார் அப்பா.

அப்பா பிறந்தது எங்கள் லயத்தின் நாலாம் காம்பராவில், நாங்கள் இருந்த அதே ஒற்றை அறையில். முசிறியை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் சொந்த ஊர் என்று யார் கேட்டாலும் பாட்டன் கப்பலேறிய ஊரைச் சொல்வதுதான் எங்கள் சனத்தின் வழக்கம். கல்யாணம் பேசும்போது அதைத்தான் சொல்வோம், கோயிலில் அதைத்தான் சொல்வோம். அதைச் சொல்லாவிட்டால் அநாதை என்று அர்த்தம். அப்பாவுக்கு அது ஒரு மரியாதை. அதிகாரிக்கோ, இந்த ஆளின் மனது இந்தியாவில் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அப்பா, அம்மா, சிறுபிள்ளையாக அவர்கள் விண்ணப்பத்தில் சேர்ந்திருந்த நான், மூன்று பேருக்கும் இல்லை என்று பதில் வந்தது. லயத்தில் ஒருவர் மிச்சமில்லாமல் துறையூர், நாமக்கல், புதுக்கோட்டை என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். எல்லாருக்கும் இல்லை.

எங்கள் காமாட்சி அக்காவைத் தவிர.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் மரம் விழுந்து செத்துப்போனதால் கைக்குழந்தை ராஜத்தோடு எங்கள் காம்பராவுக்கே திரும்பி வந்தவள். அவளுடைய விண்ணப்பம் தனி. அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். "எங்க வீட்டுக்காரரப் பொதைச்சிருக்கிற எடந்தாங்க என் ஊரு. அது எங்க தோட்டத்து மேல்மலைப் பக்கம், மேக்கணக்குல இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். திட்டம் போட்டுச் சொன்னதில்லை. அவள் மனதில் இருந்ததே அதுதான். அக்கா பதிவுப் பிரஜை ஆனாள். அறுபதாம் ஆண்டு வாக்காளர் இடாப்பில் எங்கள் லயத்திலிருந்து ஏறிய ஒரே பெயர் அவளுடையது.

எனக்கு அதே வருடம் பதினெட்டு வயது. பொறாமையாகத்தான் இருந்தது.

4

அறுபதில் ஒரே வருடத்தில் இரண்டு தேர்தல் வந்தது. முதலாவது மார்ச்சில்.

அக்காவுக்கு ஓட்டு இருக்கிறது என்று தெரிந்த நாள் முதல் அது அவளுடைய ஓட்டாக இல்லை. 'நம்ம லயத்து ஓட்டு' என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். குழாயடியில், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், எங்கும் அதே பேச்சு. தொகுதியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் நொத்தாரிசு ஐயா, காணி உறுதி எழுதுகிறவர், நன்றாகத் தமிழ் பேசுவார். மற்றவர் லொறி முதலாளி, கடைவீதியில் மரக்கறி லொறிகள் வைத்திருந்தவர். அவர் பேசுகிற தமிழைக் கேட்டால் சிரிப்பை அடக்க வேண்டியிருக்கும்.

அக்காவுக்கு இவர்கள் யாரைப் பற்றியும் கவலை இல்லை. அவளுக்கு வேண்டியது ஒரு பாலம். எங்கள் தோட்டத்துக்கும் கடைவீதிக்கும் நடுவில் ஆறு ஓடுகிறது. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேலே படிக்க ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். வெயில் காலத்தில் கல்லுக்குக் கல் தாவிப் போகலாம். மழை பிடித்துவிட்டால் ரோட்டைச் சுற்றிப் போகிற பிள்ளை மத்தியானத்துக்குத்தான் போய்ச் சேரும். அப்படிப் போன பிள்ளைகள் எல்லாம் ஒரு மழைக்காலத்தோடு படிப்பை விட்டுவிட்டுப் புல்லு வெட்டப் போனதுகள். ராஜம் ஐந்தாம் வகுப்பில் இருந்தாள், கெட்டிக்காரி. பாலம் வேண்டும் என்று தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கேட்டால் ஆறு தோட்டத்து எல்லையில் இல்லை என்பார். கிராமச் சபையில் கேட்டால் தோட்டத்து ஆட்களுக்குச் செய்ய எங்களுக்கு அதிகாரம் இல்லை என்பார்கள். மெம்பர் மனசு வைத்தால்தான் உண்டு.

மாரியம்மன் கோயில் முன்னால் லயம் கூடியது. தோட்டத்துச் சங்கத் தலைவர்தான் பேசினார். அவர் பேச்சு சுருக்கமாக இதுதான்: நமக்கு ஓட்டு இருந்தபோது ஒருத்தரைத் தேர்ந்தெடுத்தோம், அவரை மாற்ற நாம் ஓட்டுப் போடவில்லை, அதனால் நம்முடைய மெம்பர் இன்றைக்கும் அவர்தான், லயத்து ஓட்டு அவருக்கே.

"அவரு நிக்கலையே, தலைவரே" என்றாள் அக்கா.

"நிக்காட்டி என்னா? சீட்டுல புள்ளடி போடாம அவரு பேர எழுதிப் போட்டுட்டு வா. நம்ம சனம் மறக்கலைன்னு அவனுங்களுக்குத் தெரியட்டும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கு நினைத்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒன்றுமே இல்லாமல் இருந்தவர்களுக்கு நன்றி காட்டவாவது ஒரு வழி கிடைத்ததே என்று இருந்தது. அக்கா ராஜத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு சரி என்றாள். அவளுக்கு எழுதத் தெரியாது. சிலேட்டை எடுத்துவைத்து மெம்பர் பெயரை எழுதப் பழக்கியவள் நான்தான்.

ஓட்டுப் போடப் போன காலையைக் கல்யாண ஊர்வலம் என்றுதான் சொல்ல வேண்டும். அக்காவுக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, புதுச்சேலை கட்டி, கோயிலில் கற்பூரம் காட்டி, தலைவர் குடை பிடிக்க, ஓட்டில்லாத சனம் அத்தனையும் பின்னால் நடந்தது. ஆற்றில் தண்ணீர் குறைவு, கல்லில் தாவி அக்கரை போனோம். சாவடி அந்த அரசாங்கப் பள்ளிக்கூடத்தில்தான். கயிறு கட்டிய இடத்தில் பொலிஸ்காரர் எங்களை நிறுத்திவிட்டு அக்காவை மட்டும் உள்ளே விட்டார். வெளியே வந்தவள், எழுதிட்டேன் என்றாள். தலைவர் துண்டை வீசி ஆட்டினார்.

திரும்பி வரும்போது அக்கா என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாள். யாருக்குப் போட்டாய் என்று எவரும் கேட்கக் கூடாது, நீயும் சொல்ல வேண்டியதில்லை என்று உள்ளே இருந்த உத்தியோகத்தர் அவளிடம் சொன்னாராம். "லயமே பேசி முடிச்ச விசயம், இதுல என்னா ரகசியம் பாப்பா?" என்று சிரித்தாள்.

நொத்தாரிசு ஐயா வென்றார். அக்காவின் ஓட்டு செல்லாத ஓட்டுகளோடு போனது.

5

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் அக்காவுக்கு ஒரு சிநேகிதி உண்டு. ரன்மெனிக்கா என்று பெயர். லீக்ஸும் கரட்டும் கூடையில் சுமந்து எங்கள் லயத்துக்கு வந்து விற்பவள், விற்று விற்றே தமிழ் பழகியவள். மழை நாளில் அவளுக்கும் ஆறுதான் எதிரி. இரண்டு பேருமாகச் சேர்ந்து புது மெம்பரைப் பார்க்கப் போனார்கள், நானும் கூடப் போனேன்.

நொத்தாரிசு ஐயா எங்களை நிற்க வைக்கவில்லை, வாங்கில் உட்காரச் சொன்னார். பாலக் கதையைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அம்மாவுக்கு ஓட்டு உண்டா என்று அக்காவிடம் கேட்டார். உண்டு என்றாள். யாருக்குப் போட்டீர்கள் என்றார். அக்காவுக்குப் பொய் வராது. பழைய மெம்பர் பேரை எழுதிப் போட்டேன் என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நொத்தாரிசு ஐயா சிரிக்கவில்லை. "அப்படியென்றால் பாலத்தையும் அவரிடமே கேட்பதுதானே முறை" என்று மெதுவாகச் சொல்லி எழுந்துகொண்டார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வழியில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். ரன்மெனிக்கா, "நீ எதுக்குச் சொன்னது, காமாச்சி? சொல்லாட்டி அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

அக்கா தேநீரைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

நடுவில் இந்த ஊர்த் தேர்தலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

கனடாவில் குடியுரிமை கேட்டுப் போனபோது என்னையும் ஒரு மேசைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். மாகாணங்கள் எத்தனை, தலைநகரம் எது என்று கேட்டார்கள். சொந்த ஊர் எது என்று மட்டும் கேட்கவே இல்லை. கேட்டால் என்ன சொல்வது என்று முதல்நாளெல்லாம் யோசித்து வைத்திருந்தேன், வீணாகிவிட்டது. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்று அழுதேன். குளிரில் கண்ணீர் கன்னத்தில் எரிந்தது. என் வீட்டுக்காரர் தேர்வில் தவறிவிட்டேன் என்று நினைத்து, பரவாயில்லை, இன்னொருக்காப் படிச்சு எழுதலாம் என்று ஆறுதல் சொன்னார்.

போன திங்கட்கிழமை ஓட்டுப் போடப் போனேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டறை. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேசை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கற்பூரம் இல்லை, குடை இல்லை, கூட ஒரு ஆள் இல்லை. உருகிய பனியின் சேற்றில் காலை ஊன்றி ஊன்றித் தனியாக நடந்து வந்தேன். அத்தனை சுலபமாக இருந்ததில் எனக்குச் சந்தோஷமும் வந்தது, ஏதோ விட்டுப்போன மாதிரியும் இருந்தது. கண்ணன் அன்று மாலை வேலையிலிருந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், அந்தப் பள்ளிக்கூடம் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேட்டான். ஒன்பதரை வரை என்றேன். போனான். திரும்பி வந்தவனிடம் யாருக்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

7

மார்ச் தேர்தலில் வந்த அரசாங்கம் நிலைக்கவில்லை. ஜூலையில் மறுபடி தேர்தல் என்றார்கள். அதே நொத்தாரிசு ஐயா, அதே லொறி முதலாளி.

லயம் மறுபடியும் கோயில் முன்னால் கூடியது. தலைவர் மறுபடியும் அதையேதான் சொன்னார். இந்த முறை அக்கா எழுந்து நின்றாள். போன தடவை லயத்துக்காகப் போட்டேன், இந்தத் தடவை என் புள்ளைக்காகப் போடப்போறேன் என்றாள். கோயில் முன்னால் அப்படி ஒரு கூச்சல் அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. நன்றி கெட்டவள் என்றார்கள். நொத்தாரிசிடம் விலை போய்விட்டாள் என்றார் ஒருவர், இல்லை லொறி முதலாளியிடம் என்றார் இன்னொருவர். அப்பா எழுந்து காம்பராவுக்குப் போய், அக்காவின் சட்டி பானையை எடுத்து வெளியே வைத்தார். தகரத்தை மறைப்பாகக் கட்டிக்கொண்டு அக்காவும் ராஜமும் வாசல் திண்ணையான இஸ்தோப்பிலேயே சமைத்துச் சாப்பிட்டார்கள். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு அப்பா அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

தேர்தலன்று மழை. ஆறு கரையை முட்டிக்கொண்டு ஓடியது. அக்காவுக்குக் கம்பளியும் குடையும்தான் துணை, கூட நானும் ராஜமும். ரோட்டைச் சுற்றி நடந்தோம். பள்ளிக்கூடத்து வாசலில் ரன்மெனிக்காவும் அவள் கிராமத்துப் பெண்களும் நின்றிருந்தார்கள். அக்காவை நடுவில் விட்டு வரிசையில் போனார்கள்.

வெளியே வந்தபோது தலைவர் தேநீர்க் கடை வாசலில் காத்திருந்தார். யாருக்குப் போட்டாய் என்று கேட்டார். பழைய மெம்பருக்குத்தான் என்று சொல்லிவிடு தாயே என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது அவர் முகம்.

"அதச் சொல்ல மாட்டேன், தலைவரே. அது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு எத்தனை பேர் கேட்டுப் பார்த்தார்கள் தெரியுமா? கணக்கப்பிள்ளை கேட்டார். நொத்தாரிசு ஐயாவின் ஆள் நயமாகக் கேட்டார். லொறி முதலாளியின் ஆள் சத்தியம் செய்யச் சொன்னார். அம்மா ராத்திரிச் சோற்றை மறைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்டாள். நானும் கேட்டேன். அக்கா சிரிப்பாளே தவிர வாயைத் திறக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்த வியாதி ஆற்றைக் கடந்து அக்கரையிலும் தொற்றிக்கொண்டது. அதுவரை கிராமத்துப் பெண்கள் யாருக்குப் போட்டார்கள் என்பதை அங்கே ஊர்ப் பெரியவராக இருந்த ஆராச்சியார்தான் கட்சிக்காரர்களுக்குச் சொல்வார். இந்த முறை ரன்மெனிக்காவும் மற்றவர்களும், காமாச்சி சொல்லவில்லை, நாங்களும் சொல்ல மாட்டோம் என்று அவரவர் புருஷனிடமே சொல்லிவிட்டார்களாம். ஆராச்சியாருக்குக் கணக்குச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

லொறி முதலாளி வென்றார். வென்றவருக்கும் நிம்மதி இல்லை, தோற்றவருக்கும் நம்பிக்கை போகவில்லை. பதிவுப் பிரஜை விசாரணைகள் நடந்துகொண்டிருந்த காலம் அது. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஐம்பது, நூறு என்று தோட்டத்து ஓட்டு வரத்தான் போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆற்றின் இரு கரையிலும் பெண்கள் மனதில் என்ன இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. ஒருநாள் மத்தியானம் ஒரு கார் உறுமிக்கொண்டு எங்கள் மலையில் ஏறியது. முதல் மெம்பருக்குப் பிறகு எங்கள் லயத்து வாசலில் வந்து நின்ற முதல் மெம்பர் கார். லொறி முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி, பாலம் எந்த இடத்தில் வேண்டும் என்று அக்காவிடம் கேட்டார். மறுவாரம் நொத்தாரிசு ஐயாவும் வந்தார். தான் மெம்பர் இல்லாவிட்டாலும் மாவட்டக் கச்சேரியில் அதிகாரிகளிடம் பேசுவதாகச் சொன்னார். வாங்கில் உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பினாள் அக்கா.

பாலம் அடுத்த மழைக்கு முன்னால் வந்தது. கிராமத்து ஆட்கள் மரம் கொடுத்தார்கள், ஆலையில் கழித்துப்போட்ட கம்பிவடத்தைத் துரை கொடுத்தார், மெம்பர் மற்றதைப் பார்த்துக்கொண்டார். பெரிய பாலம் ஒன்றுமில்லை. இரண்டு பேர் எதிரும் புதிரும் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும், நடந்தால் ஆடும்.

திறந்து வைத்த காலையில் இரு கரையும் கூடியிருந்தது. தலைவர் வந்திருந்தார். அப்பாவும் வந்திருந்தார், ஆனால் கூட்டத்துக்குக் கடைசியில், அக்கா கண்ணில் படாத இடமாகப் பார்த்து நின்றார். ராஜம் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். மாலை போட்டார்கள், பேசினார்கள். எல்லாம் முடிந்ததும் மெம்பர் அக்கா பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, தன்னுடைய தமிழில் கேட்டார்.

"பாலம் குடுத்தாச்சு அம்மா. இப்ப சொல்லுங்க, எனக்குத்தானே புள்ளடி போட்டது?"

கூட்டம் நெருங்கி வந்தது. தலைவர்கூட ஒரு அடி முன்னால் வந்தார். அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மரியாதையாகவே பதில் சொன்னாள்.

"அதச் சொல்லிட்டா, அப்புறம் நீங்க எதுக்குங்க மலையேறி வரப்போறீங்க?"

ரன்மெனிக்கா அதைச் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அப்பாதான். தலைப்பாகை அவிழச் சிரித்தார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, பல மாதமாகப் பேசாத மகளைப் பார்த்து, "புள்ளைக்கு நேரமாகுது, காமாச்சி" என்றார். ராஜத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆடுகிற பாலத்தில் முதல் ஆளாக ஏறிப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தார்.